எந்தக் காலத்துப் படத்தை மாட்டுவது

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அண்ணி எழுதுவது. முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீங்கள், உங்கள் வீட்டார், உங்கள் முதுகு வலி எல்லாம் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத் தொடங்கி, எல்லோரும் என்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டது, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உங்கள் அண்ணனின் கடைசி நாளில் நீங்கள் வந்து வாசலோடு நின்றுவிட்டுப் போனதாக உங்கள் அக்கா சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அன்று நான் யாரையுமே பார்க்கவில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் அதிகம் படித்தவள் இல்லை, எழுத ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது, மூச்சு வாங்குகிற இடத்தில் நீங்களே நிறுத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஒரு படம். உங்கள் அண்ணனோடு லிப்ட் ரிப்பேர் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து பெரிய படச்சட்டம் ஒன்று கொண்டுவந்து, முன்னறைச் சுவரில் அவர்களே ஆணி அடித்து, மட்டம் பார்த்து மாட்டி, "படத்தை நீங்க போட்டுக்குங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போடத்தான் படம் இல்லை. கேமராவைக் கண்டால் அவர் கண்ணை மூடிவிடுவார், உங்களுக்கே தெரியும். எங்கள் கல்யாணப் படத்தில் நான் சிரிக்கிறேன், அவர் தூங்குகிறார். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார். அவர் இருந்தவரை அதெல்லாம் சிரிப்பாக இருந்தது, இப்போது அதில் ஒன்றை எடுத்து மாட்டினால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். கம்பெனி அடையாள அட்டையில் மட்டும் கண் திறந்திருக்கிறது, அதுவும் பின்னால் யாரோ நின்று கத்தியதுபோலத் திறந்திருக்கிறது. ஆக, வெறும் சட்டம் தொங்கியது. துக்கம் கேட்க வந்தவர்கள் சட்டத்துக்குள் தெரிகிற சுண்ணாம்பைப் பார்த்துத் தலை குனிந்தார்கள். மேல்வீட்டு அம்மா அந்தச் சுண்ணாம்பைப் பார்த்தே அழுதுவிட்டார்.

இதில் எனக்கு ஒரு பயம், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் கண்ணை மூடி அவரை நினைத்தால், அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வருகிறார். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர், என்னைப் பார்த்தால் எப்படிப் பார்ப்பார் என்பது பிடிபடவே மாட்டேன் என்கிறது. எனக்குப் படம் வேண்டியது மற்றவர்களுக்குக் காட்ட இல்லை தம்பி.

மகள்தான் வழி சொன்னாள். "அம்மா, டிவிக்குக் கீழ இருக்கிற வீடியோ கேம் பெட்டியெல்லாம் போட்டுப் பாக்கலாம். அப்பா ஒவ்வொரு கேம்லயும் தன்னைச் செஞ்சு வச்சிருப்பாரு" என்றாள். நான் அந்த அலமாரியைத் தூசி துடைத்ததோடு சரி, உள்ளே இவர் ஆள் ஆளாக நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும். ஒவ்வொரு பெட்டியாகப் போட்டாள். ஒவ்வொன்றிலும் ஒருவர் வந்து நின்றார். எல்லாரும் அவராம். அப்போதுதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை.

முதல் பெட்டி ஆகப் பழையது. அதில் கட்டம் கட்டமாக அடுக்கி ஆளைச் செய்திருக்கிறது. கிட்டப் போனால் செங்கல் குவியல், அடுப்படி வாசலுக்கு வந்து பார்த்தால் மீசையோடு ஒருவர் நிற்கிறார். அடுத்தது மகள் சின்னவளாக இருந்தபோது வாங்கியது. அதில் ஆள் மூலை மூலையாக இருக்கிறார், காகிதத்தை மடித்ததுபோல மூக்கு, விரல் இல்லாமல் கரண்டிபோலக் கை, மகள் அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு அப்பான்னா இதும்மா. நான் இவர் மடியில உக்காந்துதான் இவரைப் பாத்தேன்" என்றாள். அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதில் பொம்மைபோலப் பெரிய தலை, குட்டிக் கால், உருண்டைக் கண். உங்கள் அக்காவுக்கு அதுதான் பிடித்தது. "சின்னதுல இப்படித்தாம்மா கொழுகொழுன்னு இருந்தான்" என்று டிவியைத் தடவினார்கள். கடைசிப் பெட்டி மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது, அதில் வியர்வை தெரிகிறது, ஒவ்வொரு முடியும் தனித்தனியாக ஆடுகிறது. "இதாங்க அத்தை உண்மையான டெக்னாலஜி. மாமாவை நேர்ல பாத்த மாதிரி இல்ல?" என்றார் மாப்பிள்ளை. நேரில் பார்த்த மாதிரிதான் இருந்தது, யாரைப் பார்த்த மாதிரி என்றுதான் தெரியவில்லை. தலை நிறைய முடி, மலைபோலத் தோள். அது உங்கள் அண்ணன் இல்லை, உங்கள் அண்ணன் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் வயிற்றை இழுத்துக்கொள்ளும்போது நினைத்துக்கொள்கிற ஆள்.

மாப்பிள்ளை மனது நோகக் கூடாதே என்று ஸ்டூடியோக்காரரை வரவழைத்து அந்தக் கடைசி ஆளைப் படம் எடுக்கச் சொன்னேன். அவர் கேமராவை அழுத்துகிற நேரம் பார்த்து டிவியில் இருந்தவர் கண்ணை மூடிவிட்டார். மறுபடி எடுத்தார், மறுபடியும் மூடினார். "அது தானா சிமிட்டும் அத்தை, அப்படித்தான் செஞ்சிருக்காங்க" என்கிறார் மாப்பிள்ளை. எனக்கோ, ஒருவேளை இது அவர்தானோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

நீங்கள் இருவரும் பேசாமல் போனது எதற்கு என்று அப்போது எனக்கு நினைவு வந்தது. சண்டை சொத்துக்கு வந்தால் புரியும், பெண்டாட்டி பேச்சால் வந்தால் புரியும், உங்களுக்குக் கட்டத்துக்கு வந்தது. நான் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "கட்டத்துல பாதிதான்டா இருக்கும், மீதியை நம்ம மனசு போட்டுக்கும், அதான் அழகு" என்றார் அவர். "மனசு எதுக்குப் போடணும், அதுக்குத்தானே மிஷினு? உன் காலம் முடிஞ்சுது, நீ செங்கல்லக் கட்டிட்டு அழு" என்றீர்கள் நீங்கள். நீங்கள் போன பிறகு அவர் அந்தப் பழைய பெட்டியைத் தொடவில்லை. தூக்கியும் போடவில்லை. மீதியை மனது போட்டுக்கொள்ளும் என்றது என்ன என்று அடுப்படி வாசலில் நின்று பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கட்டக்காரருக்குக் கண் என்பது இரண்டு கறுப்புக் கட்டம். இமை கிடையாது. மூடவே மாட்டார். சாப்பாடு ஆகிவிட்டதா என்று கேட்கப் போகிறவர்போல அங்கிருந்து என்னைப் பார்த்தார் தம்பி. எனக்கு அவர் பார்வை திரும்பிக் கிடைத்துவிட்டது.

இதைத்தான் மாட்டப் போகிறேன் என்றேன். வீட்டில் ஒரு பெரிய ரகளை. "செங்கல்லுக்குச் சட்டம் போடுவியா? ஊரு சிரிக்காதா?" என்றார்கள் உங்கள் அக்கா. "சிரிக்கிறவங்க அடுப்படி வாசல்ல நின்னு பாக்கட்டும்" என்றேன். ஸ்டூடியோக்காரர், "அம்மா, இதைப் பெருசாக்கினா கட்டம் தெரியும்" என்றார். "இப்பவும் கட்டந்தானே தெரியுது?" "இல்லம்மா, இன்னும் பெரிய கட்டம்." தாமே கொஞ்சம் மழுப்பித் தருவதாகச் சொல்லி ஒன்று செய்து கொண்டுவந்தார், மழை பெய்யும்போது சன்னலுக்கு வெளியே நிற்கிற ஆள்போல இருந்தது, கதவைத் திறந்து உள்ளே விடலாம்போல இருந்தது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். சொல்ல மறந்துவிட்டேன், நீங்கள் இருவரும் சேர்ந்து ஆடிய அந்தப் பழைய பெட்டியில் சிவப்புச் சட்டை, நீலச் சட்டை என்று இருவர் நிற்கிறார்கள், ஒரே மீசை, ஒரே உயரம். கம்பெனிச் சட்டை சிவப்பு என்பதால் அவரைக் கண்டுபிடிப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. நீலச் சட்டையில் நிற்கிற உங்களை ஸ்டூடியோக்காரர் வெட்டிவிட்டார், சட்டத்தில் இடம் இல்லை, வருத்தப்படாதீர்கள்.

படம் மாட்டியாயிற்று. அவரோடு வேலை பார்த்த பட்டறைக்காரர்கள் வந்தார்கள். கிட்ட நின்று ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஒவ்வொருவராக என் அடுப்படிக்குள் வந்து, பாத்திரங்களுக்கு நடுவே வரிசையில் நின்று, வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "ஆமா அண்ணி, நம்ம ஆளேதான். கையை இப்படித்தான் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பாரு" என்று சொல்லிச் சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உங்கள் அக்காவும் அங்கே நின்று பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஆகவே, எந்தக் காலத்துப் படம் அழகு என்று நீங்கள் இருவரும் போட்ட சண்டையில் உங்கள் அண்ணன்தான் ஜெயித்தார் என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். கோபம் இருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு, ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்து, அப்பா ஆடிய ஆட்டத்தை ஒரு தடவை ஆடிப் பார்க்கிறேன் என்று அவர் ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். நீலச் சட்டை நடந்தது. சிவப்புச் சட்டை அசையவே இல்லை. "அம்மா, அப்பா எப்பவும் இந்த ரிமோட்டுலதானே ஆடுவாரு. அப்ப சுவத்துல இருக்கிறது சித்தப்பாம்மா" என்கிறாள். தம்பி, நான் உங்களைத்தான் மாட்டியிருக்கிறேன்போல. பட்டறையே வந்து உங்களைப் பார்த்து அழுதுவிட்டுப் போயிருக்கிறது, உயிரோடு இருக்கிறவனை இப்படித் தொங்கவிட்டாயே என்று உங்கள் அக்கா என்னோடு பேசுவதில்லை. அடுப்படி வாசலில் நின்றபோது என்னைப் பார்த்தது யார் என்று எனக்கும் குழப்பமாக இருக்கிறது. கழற்றவும் கை வரவில்லை, நீங்களே வந்து உங்களைக் கழற்றிக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் அடுத்த இடம் திறக்குமாம். நான் இன்னொரு ரிமோட்டை, உங்களுடையதை, எடுத்து ஏதோ அழுத்தினேன், நீங்கள் நேராகப் போய்க் குழியில் விழுந்துவிட்டீர்கள். அவர் கரையிலேயே நின்றுகொண்டிருக்கிறார். சீக்கிரம் வாருங்கள்.