மெமோவுக்கு ஏழு சந்தேகம்

மெமோவைப் பார்த்து அழுதவர்கள் உண்டு, கிழித்துப் போட்டவர்களும் உண்டு. மெமோவுக்கு ஏழு சந்தேகம் கேட்டவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் 'லிக்கே தோ'!

போர்ட் பிளேரில் கப்பல் சரக்கு புக் செய்யும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. கார் நிக்கோபாருக்கு அரிசி, கேம்பல் பேக்கு பீரோ என்று எல்லாவற்றுக்கும் லிஸ்ட் போடுவது அவர் வேலை. யார் எதைச் சொன்னாலும் "லிக்கே தோ" என்பார், அதாவது எழுதிக் கொடு. அவருடைய நிஜப் பெயர் அவர் அம்மாவுக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் மட்டுமே தெரியும்.

கப்பல் ஹாரன் சத்தம் ஆகாது என்று பைலட் ஹெட்போன் மாதிரி காதில் பெரிய மஃப் மாட்டியிருப்பார். கேம்பல் பேயில் குடியேறிய பட்டாளத்துப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து, சரக்கு இனி பிளேனில்தான் போகிறதாக்கும் என்று மகிழ்ந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். நாலு பேர் சேர்ந்து பேசினால் பேனாவை மூடிவிடுவார். போன் அடித்தால், அது ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பொறுத்துப் பார்த்த மேனேஜர் அண்ணாச்சி ஒருநாள் மெமோ நீட்டினார். 'பணி திருப்தியில்லை. ஒரு மாதத்தில் முன்னேற்றம் தேவை. இல்லையேல் வேலை இல்லை.' மாதக் கடைசியில் ரிப்போர்ட் எழுத வேண்டிய பாவி நான்.

மூன்று நாள் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ரப்பர் ஸ்டாம்புகளை வரிசையாக வைப்பார், கலைப்பார், மறுபடி வைப்பார். டக், டக், டக்.

நாலாம் நாள் என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, எனக்கு ஆட்டிசம். மெயின்லேண்ட் டாக்டர் சொன்னாரு. அண்ணாச்சிகிட்ட சொன்னா வேலை போயிருமா?"

"தெரியல தம்பி" என்றேன். போகாது என்று சொன்னால் எழுதித் தரச் சொல்வாரே!

இருவருமாக உட்கார்ந்து ஏழு சந்தேகம் எழுதினோம். எது திருப்தியில்லை? எந்த நாளில்? எவ்வளவு முன்னேறினால் போதும்? இப்படி. எட்டாவது வரியை என்னைக் கேட்காமல் அவரே எழுதினார்: 'எனக்கு ஆட்டிசம். ஒவ்வொன்றாகச் சொன்னால் செய்வேன்.'

"என்னலே, எனக்கே பரீட்சையா?" என்று தாளை வாங்கிய அண்ணாச்சி, பதில் எழுதப் பேனாவைத் திறந்தார். முதல் கேள்வியிலேயே பேனா நின்றுவிட்டது.

"போன எடுக்க மாட்டேங்கான். கூட்டம்னா அப்டியே நின்னுருதான். வேற... வேற ஒண்ணும் இல்லியே!" என்றார், அவருக்கே ஆச்சரியம். எட்டாவது வரிக்கு வந்ததும் குரல் இறங்கியது. "இத மொதல்லயே சொன்னா என்னலே?"

"நீங்க கேக்கல சார்."

போன் என் மேசைக்கு வந்தது. கவுன்டரில் டோக்கன் வந்தது. ஆனால் கெடு அப்படியே இருந்தது. அந்த மாதம் முழுக்க, அவர் ஊரிலிருந்து வரும் சௌல்தாரி பஸ் பத்து நிமிடம் பிந்தினாலும் எனக்குப் படபடப்பு.

கடைசி நாள் என் ரிப்போர்ட்டில் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்றவரிடம் ஓடினேன்.

"வேலை இருக்கு தம்பி!"

"லிக்கே தோ, அக்கா."

சரக்குச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்: 'நீ இல்லாமல் இந்த ஆபீஸ் நடக்காது.'

அவர் முகம் சுருங்கியது. "போன வாரம் காய்ச்சல்னு லீவு போட்டேன். நடந்துச்சே?"

அதை அடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து எழுதினேன்: 'நீ வராத அன்றைக்கு எனக்கு ஆபீஸ் பிடிக்கவில்லை.'

இரண்டு தடவை படித்தார். "இது சரி. தேதி போடுங்க."

தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அந்தச் சீட்டு இன்றும் அவருடைய ஐடி கார்டுக்குப் பின்னால் இருக்கிறது. இத்தனை வருஷ ஆபீஸ் வாழ்க்கையில், நான் மனசார எழுதிய ஒரே மெமோ அதுதான்.