இருட்டு ரூமுக்கு ஏத்த தலைவலி

இந்த ஞாயித்துக்கிழமை ஒட்டடை அடிக்கிறதில்லைன்னு சபதம் எடுத்தேன். ஒரே ஒரு மத்தியானம், நிம்மதியா ஒரு தூக்கம். அவ்வளவுதான் என் ஆசை.

எனக்குத் தலைவலி இருக்கிறது பொய்யில்லை. நான் தையல்காரன். காலையில மெஷின்ல குனிஞ்சா சாயங்காலம்தான் நிமிருவேன். அப்போ நெத்தியைச் சுத்தி இஞ்சு டேப்பைக் கட்டி, ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் இழுக்கிற மாதிரி இருக்கும். ஆனா பொண்டாட்டிகிட்ட அதுக்கு மரியாதை கிடையாது. அது டென்ஷன் தலைவலியாம். கழுத்தை அசைங்க, தோளை ஆட்டுங்கன்னு சொல்லி, கையோட ஈரத்துணி வாளியைக் குடுத்து மொட்டைமாடிக்கு அனுப்பிடுவா.

எதிர்வீட்டு கண்டக்டருக்கு வர்றது மைக்ரேன். அது வந்தா அந்த வீட்டுல ஜன்னல் மூடிடும், மிக்ஸி ஓடாது, குக்கர்கூட விசிலடிக்க யோசிக்கும். மனுஷன் இருட்டு ரூம்ல படுத்திருப்பார். "இந்த வலி எதிரிக்கும் வேணாம்யா"ன்னார். எனக்கு வலி வேணாம், ரூம் போதும். என்னென்ன செய்யும்னு அவர்கிட்ட விவரமா கேட்டு, அவர் முனகலை அச்சு அசலா பழகிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை. பொண்டாட்டி ஒட்டடைக் கம்போட வந்து நின்னா. நான் இடது நெத்திப்பொட்டைப் பிடிச்சுக்கிட்டு முனகினேன்.

"எந்தப் பக்கங்க?"

"இந்த ஒரு பக்கம் மட்டும்."

"இறுக்குதா, துடிக்குதா?"

"துடிக்குதும்மா. உள்ள ஒருத்தன் மெஷினை மிதிக்கிறான்."

"குமட்டுதா? நடந்தா அதிகமாகுதா?"

"ரெண்டும்."

"வெளிச்சம் கண்ணைக் கூசுதா?"

"உன் முகத்தையே பாக்க முடியலை. அவ்வளவு பிரகாசம்."

கம்பைச் சுவத்துல சாத்தினா. திரையை இழுத்துவிட்டா, ஃபேனை மெதுவா வச்சா, நெத்தியில ஈரத்துணி போட்டா. சத்தமில்லாம கதவைச் சாத்தினா. கல்யாணமான இத்தனை வருஷத்துல அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

கண்ணை மூடினேன். கட்டில் மெல்ல மிதந்துச்சு. ஜன்னல் வழியா வெளிய போய், வீட்டுக்கு மேல, மரத்துக்கு மேல. சுத்தி வெள்ளையா மேகம், பீஸ் பீஸா. நான் சாக்பீஸால கோடு போட்டு மேகத்தை வெட்டறேன். கத்திரி தண்ணியில போற மாதிரி போகுது. யாருக்கோ மேகத்துல ஒரு சட்டை, பட்டனுக்குப் பதிலா மழைத்துளி. அப்போ எங்கிருந்தோ பஞ்சு மாதிரி ஒரு குரல். "தையல்காரரே, தலை எப்படி வலிக்குது?"

அந்தக் குரல்கிட்ட யாருக்குப் பொய் சொல்ல வரும்?

"துடிக்கலைங்க. ரெண்டு பக்கமும் டேப் கட்டின மாதிரி இறுக்கல்தான். தினமும் உள்ளதுதான்."

"குமட்டலையா?"

"பசிக்குதுங்க."

"அப்போ மைக்ரேன்?"

"அது கண்டக்டரோடதுங்க."

கண்ணைத் தொறந்தேன். கட்டில் ஓரத்துல பொண்டாட்டி உக்காந்திருந்தா. சிரிக்கலை. திட்டவும் இல்லை. அதுதான் பயமா இருந்துச்சு.

"நாள் பூரா குனிஞ்சே இருக்கீங்க, அதான் கழுத்து இறுகிப்போகுது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பாக்கணும்"னு சொல்லி, கம்பைக் கையில குடுத்து, ஹாலைக் காட்டிட்டு, நான் படுத்த இடத்துல, நான் சூடாக்கிவச்ச தலையணையில அவ படுத்துக்கிட்டா. எனக்குத்தான் நிஜ மைக்ரேன், காலையிலேர்ந்து கண்ணுல மின்னல் மின்னலா ஓடுதுன்னா.

ஒரு மணி நேரம் அண்ணாந்தேன். மூக்கு, வாய், புருவம் எல்லாம் ஒட்டடை. திடீர்னு ஒரு யோசனை. தூக்கத்துல கேட்டா உண்மை வருமே! பூனை நடை நடந்து உள்ள போனேன். அவ அசந்து தூங்கறா. காதுகிட்ட குனிஞ்சு, மேகத்துக் குரலை அப்படியே எடுத்துவிட்டேன்.

"அம்மணி, தலை எப்படி வலிக்குது?"

கண்ணைத் தொறக்காமலே பதில் சொன்னா.

"ஹால் ஃபேனுக்குப் பின்னாடி மூலையில ஒட்டடை விட்டுப்போச்சு."