மிலி குறித்து மைத்துனருக்கு ஒரு விளக்கம்

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனருக்கு,

இங்கு நலம். அங்கும் எல்லோரும் நலம் என்று உங்கள் மனைவி மூலம் அறிந்தேன். நீங்கள்தான் என்னோடு பேசுவதில்லையே. "அக்கா போய் ஆறு மாசம் ஆகலை, அத்தான் கம்ப்யூட்டர்ல உக்காந்து முகம் தெரியாதவங்களோட விளையாடிக்கிட்டிருக்கார்" என்று நீங்கள் சொன்னதையும் அவர்களே சொன்னார்கள். உட்கார்ந்திருப்பது உண்மை. விளையாட்டு என்பது தவறான தகவல். விளக்கம் பின்வருமாறு.

உங்கள் அக்காவுக்குப் பார்வை முழுதாகப் போன பிறகு, எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொடுத்தேன் அல்லவா? அது உலகத்தின் நாலா மூலையிலும் இருப்பவர்கள் சேர்ந்து சும்மா செய்து கொடுப்பது. யார் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் பார்த்துப் பழுதைத் திருத்தி அனுப்பலாம். அவளுடைய மருந்துப் பட்டியலில் நான் 'காலை 5 மி.லி.' என்று அடித்து வைத்திருந்தால், அது 'காலை ஐந்து மிலி' என்று படிக்கும். "யாருங்க இந்த மிலி? காலங்காத்தால அஞ்சு பேரா வந்து நிக்கிறாளுங்க?" என்று கேட்டு, இருமல் வரும்வரை சிரிப்பாள். மாலையில் பத்து மிலி வருவார்கள். "இத்தனை பேருக்கு நாற்காலிக்கு எங்க போறது?" என்பாள். சிரித்து ஓய்ந்த பிறகு, "அவங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்களேன். மருந்து அளவு புரியாம யார் யார் தடுமாறுறாங்களோ" என்பாள். "அப்புறம் பார்க்கலாம்" என்பேன். முப்பத்துநான்கு வருடம் தலைமை எழுத்தராக இருந்தவன் வாயில் அது தானாக வரும்.

அவள் போன பதினேழாம் நாள் எழுதினேன். 'பொருள்: மி.லி. தவறாக வாசிக்கப்படுதல் தொடர்பாக' என்று முறைப்படி மூன்று பக்கம். மறுநாளே பதில்! அந்த மென்பொருளைப் பராமரிக்கும் பெண்மணி தம் முகத்துக்குப் பதில் ஒரு குருவிப் படம் வைத்திருப்பார். எனக்கு அவர் குருவியம்மா. "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க ஐயா. நீங்களே திருத்தி அனுப்பிடுங்களேன்" என்றார். மனு கொடுத்தவரிடமே கோப்பைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்பது, மாப்பிள்ளை, எங்கள் அலுவலகத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!

முதலில் ஒரு கிளை உருவாக்கச் சொன்னார். கிளை அலுவலகம் திறக்க எனக்கு அதிகாரமில்லை என்று பதில் எழுதினேன். அசலில் கைவைக்காமல் வேலை செய்ய ஒரு தனிப் பிரதியாம் அது. சரியென்று திறந்து ஒரு வரியை அழித்தேன், கணினி ஊமையாகிவிட்டது. அதைச் சரிசெய்து, 'மி' வந்து புள்ளி வந்தால் 'மில்லி' என்று சொல்லிக்கொடுத்தேன். எங்கோ ஓர் ஆசிரியர், தம் பெயருக்கு முன்னால் போடும் தலைப்பெழுத்தும் 'மி.' என்றும், பரிசோதனைப் பிரதி தம்மைக் கூப்பிடும்போதெல்லாம் 'மில்லி' சேர்த்துக் கூப்பிடுகிறது என்றும் எழுதினார். மன்னிப்புக் கேட்டு மறுபடி திருத்தினேன். ஒவ்வொரு திருத்தத்தையும் காதால் கேட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். கைவசம் இருந்தது அவளுடைய மருந்துப் பட்டியல்தான். அதையே மத்தியானம் முழுக்க ஓட விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை, உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த மென்பொருளை நான் அவளுடைய வசதிக்காகக் கொண்டுவரவில்லை. தினமும் பேப்பர் படித்துக் காட்டி எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒருநாள் ஒரு செய்தியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். "எத்தனை தடவைதான் படிக்கிறது!" என்று பேப்பரை மடக்கிப் போட்டேன். "சரி, விடுங்க" என்றாள், அவ்வளவுதான். மறுவாரம் இதைக் கொண்டுவந்தேன். எல்லோரும் என்னை மெச்சினீர்கள். அவளும் உங்கள் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

போன செவ்வாய்க்கிழமை என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். புதுப் பதிப்பைப் போட்டுப் பட்டியலை ஓட விட்டேன். 'காலை ஐந்து மில்லி லிட்டர்.' வானொலிச் செய்தி மாதிரி அவ்வளவு சுத்தம். கேட்டுவிட்டு அவளுடைய கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். இனி அந்த மிலியும் வரமாட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. குருவியம்மா 'வாழ்த்துகள் ஐயா' என்று அனுப்பியிருந்தார். 'நன்றி' என்று மூன்று எழுத்து அடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

ஆகவே வேலை முடிந்தது. இனி அதைத் தொடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்பினால் கணினியைக் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் சின்ன மகள் படிப்புக்கு ஆகட்டும். குழந்தைகள் நோய்நொடியில்லாமல் இருக்க என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு என் அன்பு. கோபம் தீர்ந்தால் ஒரு வார்த்தை பேசவும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: வண்டி அனுப்ப வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது குருவியம்மாவிடமிருந்து கடிதம். மென்பொருளுக்குப் புதுக் குரல் தேவையாம். யாராவது ஒருவர் இரண்டாயிரம் வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்து தர வேண்டுமாம். நான் படிக்கிறேன் என்று எழுதிவிட்டேன். இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை மட்டும் போன் செய்யாதீர்கள். நடுவில் மணி அடித்துவிட்டால், அந்த வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.