உஷ் அண்ணனின் மூன்று செகண்ட்

கோயமுத்தூர் ஜில்லாவில் அதிகம் பேரைத் தூங்க வைத்தவர் யார் என்று கேட்டால், மயக்க ஊசி போடும் டாக்டர்களைக்கூட ஒதுக்கிவிட்டு, எங்கள் உஷ் அண்ணன்தான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். இத்தனைக்கும் அவர் போட்டோகிராபர்! சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். சின்னக் குழந்தைகளை மட்டுமே எடுப்பார். யார் வாயைத் திறந்தாலும் "உஷ்" என்பார். சொந்தப் பெயர் அவருக்காவது ஞாபகம் இருந்ததா, தெரியாது.

கிலுகிலுப்பை ஆட்டுவது, பூனை மாதிரிக் கத்துவது எல்லாம் அவரிடம் கிடையாது. "கொளந்தை தூங்கி முளிக்குது பாருங்க, அப்ப மூணு செகண்ட் ஆடாது, அசையாது. இது எந்த ஊருன்னு பாத்துட்டு இருக்கும். அப்ப எடுத்தா இமை முடியை ஒண்ணொண்ணா எண்ணிப்போடலாமுங்க" என்பார்.

அதனால் அங்கே போனால் முதல் வேலை தூக்கம். ஜன்னலில் வெள்ளைத் துணி, நடுவில் மெத்தை, சுற்றிலும் பாய், மெதுவாகச் சுற்றும் ஃபேன். குழந்தைக்கு முன்னால் அவர் குப்புறப் படுத்துக் கேமராவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பத்து நிமிஷத்தில் அப்பா அம்மா கட்டையைச் சாய்த்துவிடுவார்கள். ஒருநாள் கையெழுத்து வாங்க வந்த கொரியர்காரர் சாயங்காலம்தான் எழுந்து, கன்னத்தில் பாய் அச்சோடு போனார்.

என் பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. தலை நிறையச் சுருட்டை முடி. மறுநாள் காலை குலதெய்வம் கோவிலில் மொட்டை. அதற்கு முன் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டி ஒரு போட்டோ வேண்டும் என்று என் மனைவி கவிதா ஒற்றைக்காலில் நின்றாள். போனில் ஆயிரம் படம் இருந்தது. அத்தனையிலும் அவன் ஓடிக்கொண்டிருந்தான். தலை இருக்கும் இடத்தில் வெறும் புகை.

"மொட்டை போட்டா இந்தச் சுருட்டை திரும்பி வருமுங்களா?" என்றாள். போனோம். படுத்தோம். வெள்ளைத் துணியில் வெயில் அசைந்ததுதான் எனக்குக் கடைசி ஞாபகம்.

கண் விழித்தபோது வெளிச்சம் போயிருந்தது. சடையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உஷ் அண்ணன் முதுகில் ஏறி உட்கார்ந்து மல்லிகைப்பூவைத் தின்றுகொண்டிருந்தான் பையன். கீழே அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மணி, நானே தூங்கிப்போட்டனுங்க" என்றார் எழுந்து. முகத்தில் ஈயாடவில்லை. ஃபிளாஷ் போட அவருக்குக் கை வரவில்லை, குழந்தை மிரண்டுவிடுமாம். எந்தக் கோவில், எத்தனை மணிக்கு மொட்டை என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கவிதா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாள் கோவிலில் பையன் தாய்மாமன் மடியில் அசந்து தூங்கினான். நாவிதர் கத்தியை விரித்தார்.

"ஒரு நிமிசமுங்க!"

உஷ் அண்ணன்! வந்த வேகத்தில் வேப்பமரத்தடி ஈரமண்ணில் குப்புறப் படுத்துவிட்டார்.

"நல்ல நேரம் முடியப்போகுதுங்க, எளுப்பிப்போடலாம்" என்றார் என் மாமனார்.

"உஷ்! எளுப்புனா அளுகதானுங்க வரும். தானா முளிக்கோணும்."

அடேங்கப்பா, அறுபது உறவினர்கள் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். வேப்பிலை நிழல் பையன் முகத்தில் ஆடியது. நாவிதர் கொட்டாவி விட்டார், பூசாரி தூணில் சாய்ந்தார். தூங்கி விழுந்துவிடாமல் இருக்க என் தொடையை நானே கிள்ளிக்கொண்டேன். கவிதா மட்டும் இமைக்கவில்லை.

பையன் கண்ணைத் திறந்தான். பார்த்தான்.

கிளிக்.

அப்புறம்தான் அழுதான். மாமனார் வாட்சைப் பார்த்துவிட்டு, "போடுங்க, இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குது" என்றார்.

சடையும் இல்லை, பாவாடையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரிகிற அந்தப் படம்தான் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. பயல் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்; தலையில் ஈர்க்குச்சி முடி. உஷ் அண்ணன் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு வால்பாறை போய்விட்டார். ஊரான் பிள்ளைகளையெல்லாம் எடுத்த மனுஷனை ஒரு படம் எடுக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் கவிதா கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனவள், "ஏனுங்க, இங்க வாங்க" என்றாள். பையனின் கருவிழிக்குள், மண்ணில் குப்புறப் படுத்தபடி ஒரு சின்ன மனிதர்.

இதற்கு மேல் போனால் மங்கிவிடும் என்று தெரியும். இருந்தாலும், இன்னும் கொஞ்சம் பெரிதாக்கு என்றேன்.