ஒரு விசில், ஒரு பிடி தீவனம்

கன்று நாலாவது தீவனக் கலவையையும் துப்பியது.

கண்டக்டர் சட்டையைத் துடைத்துக்கொண்டார். ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். எருமை கன்று போட்டு மூன்று மாதம் ஆகிறது. கறக்கிற பாலில் பாதி அந்தக் கன்றின் வயிற்றுக்கே போய்க்கொண்டிருந்தது.

"மாசக் கடைசிக்குள்ள அது பாலை மறக்கணும். இல்லன்னா வித்துடுவேன்," என்றாள் மனைவி.

அவள் சொன்னால் சொன்னதுதான். தன் விரலைச் சப்பிக்கொண்டு நின்ற கன்றின் நெற்றியைக் கண்டக்டர் தடவிக்கொடுத்தார்.

வெல்லம் கலந்து வைத்துப் பார்த்தார். வெல்லம் மட்டும் காலியானது. கடைசியில் மாட்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

"விலை ஜாஸ்தியான மூட்டையெல்லாம் வேணாங்க. உடைச்ச சோளம், புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் தாது உப்பு போதும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. பால் குடிச்ச வாயோட ஒரு பிடி ஊட்டுங்க. தினம் ஒரே நேரத்துக்கு."

"அதுக்கு எப்படிங்க நேரம் தெரியும்?"

"ஏதாவது சத்தம் குடுங்க."

சத்தத்துக்கா பஞ்சம்? சமையலறை ஆணியில் தொங்கிய பழைய விசிலை எடுத்தார். ஒரு விசில், ஒரு பிடி தீவனம். பத்தே நாளில் கன்று விசிலுக்கு ஓடிவந்தது. கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கன்றோடு சேர்ந்து தாயும் பாடம் படித்திருந்தது. விசில் கேட்டதும், வாளி வருவதற்குள் பாலைச் சொரிந்துவிட்டது.

"இன்னிக்குத் தரைதான் காபி குடிக்கணும்," என்றாள் மனைவி.

தாயின் காதில் விழாதபடி கன்றின் தொட்டியை வாசல் கேட்டுக்கு மாற்றினார். தெருமுனையில் பஸ் ஸ்டாப். ஒவ்வொரு பஸ்ஸின் விசிலுக்கும் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒருநாள் பஸ் படியில் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டது.

இதாவது பரவாயில்லை. மத்தியானத் தூக்கத்திலும் அவருக்கு விசில் கேட்டது. அதற்கப்புறம் சாயங்காலத் தீவனத்தைக் கன்று மோந்துகூடப் பார்ப்பதில்லை. அவர் தெருமுனைக்குப் போய், வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"மத்தியானத்துல எதுக்குப்பா விசில் அடிக்கிற?"

"மத்தியானம் இந்த ரூட்ல வண்டியே இல்ல சார்."

அவர் நம்பவில்லை. முப்பது வருஷம் இதே மாதிரி எத்தனை பொய் சொன்னவர் அவர்.

மாசக் கடைசி வந்தது. கன்று பாலை மறக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மாட்டு வியாபாரியும் வந்துவிட்டார்.

"கூட்டிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு மனைவி திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள்.

இவ்வளவு கல்நெஞ்சா என்று கண்டக்டர் நினைத்தார். பார்க்கச் சகிக்காமல் பின்கட்டுக் கொட்டகையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

அப்போது நீளமாக ஒரு விசில்.

தெருவில் யாரோ கத்தினார்கள். குளம்புச் சத்தம் வீட்டுக்குள் பாய்ந்தது. சற்று நேரத்தில் வியாபாரி மூச்சிரைக்க, அறுந்த கயிறும் கையுமாகக் கொட்டகைக்கு வந்தார்.

"எந்த பஸ்ஸுய்யா அது, இந்த நேரத்துல?" என்றார் கண்டக்டர்.

"பஸ்ஸெல்லாம் ஒண்ணும் வரலண்ணே. வாயில விசிலும் கையில பால் சொம்புமா உங்க வீட்டம்மாதான் நிக்கறாங்க."