அப்பாவை உள்ளே விடாத கடவுச்சொல்

மற்றவர்களுடைய அலட்சியத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்பவர்களில் நானும் ஒருவன். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை அந்த அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பவரைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் போனைத் திறக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன் (நான் திருப்புவதை அவர் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சற்றுப் பலமாகவே திருப்புவேன்). இப்படிப்பட்ட நான், என் சொந்த அக்காவின் கலியாணத்தன்று, எந்தத் திருடனாலும் உடைக்க முடியாத பூட்டு ஒன்றைச் செய்து, அதற்கு வெளியே எங்கள் அப்பாவை நிற்க வைத்தேன்.

கணினிப் படிப்பை முடித்த புதிது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே மென்பொருளில் ஓட்டை தேடிக் கொடுக்கும் வேலை. நாள் முழுக்க ஓட்டை தேடுகிறவனுக்குக் கண்ணில் படுவதெல்லாம் ஓட்டையாகத்தான் தெரியும். தரவு உரிமை, அந்தரங்கம், கண்காணிப்பு என்ற சொற்களில் ஒன்றாவது இல்லாமல் ஒரு தேத்தண்ணி கேட்கவும் எனக்கு வராது. நான் கதைக்கத் தொடங்கினால் அம்மா அடுப்பைப் பார்க்க எழும்பிப் போய்விடுவார். அடுப்பு மூட்டாத நேரத்திலும் போவார்.

ஆனால் இந்த வெறி எனக்குச் சும்மா பிடித்ததல்ல. தோழியின் தங்கைக்கு நடந்த சாமத்தியச் சடங்கில் (பூப்பு நீராட்டு விழாவில்) அக்கா சேலையோடு நின்ற படத்தை எவனோ ஒருவன் இணையத்திலிருந்து எடுத்து, அவள் பெயரில் பொய்க் கணக்கு ஒன்றைத் திறந்து, கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினான். அவள் வேலை செய்த இடத்தில் குசுகுசுத்தார்கள். கொஞ்சக் காலம் அவள் வீட்டு வாசல் படலையைத் தாண்டவே இல்லை. அந்தக் கணக்கை மூட வைக்க நான் பட்ட பாட்டில்தான் இந்த வழிக்கே வந்தேன். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை, தணியவும் வேண்டாம்.

அக்காவுக்குச் சுன்னாகத்தில் மாப்பிள்ளை சரிவந்தது. மானிப்பாயில் மண்டபம். எல்லாம் சரி, அப்பாதான் இல்லை. அவர் ரொறொன்ரோவில். அகதி வழக்கு முடியவில்லை, வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போக விடமாட்டார்கள். அவர் போகும்போது அக்கா இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மகளுக்குத் தாலி ஏறுவதை அவர் பார்ப்பதானால் கணினித் திரையில்தான் பார்க்க வேண்டும்.

இது தெரிந்ததும் மாப்பிள்ளையின் தாயார் ஒரு யோசனை சொன்னார்.

“லைவ் போடுவம் தம்பி. லண்டன், பாரிஸ் எல்லா இடமும் எங்கடை ஆக்கள் இருக்கினம். எல்லாரும் பாக்கட்டும். கொப்பரும் ரொறொன்ரோவிலை இருந்து பாப்பார்.”

“ஏலாது மாமி. அக்காவின்ரை முகம் அவவின்ரை தரவு. கண்டவன் நிண்டவன் எல்லாம் பாக்கிறதுக்கு விடேலாது.”

“முகம் தரவோ? அப்ப என்ரை பிள்ளையின்ரை முகம் என்ன, தேங்காயோ?”

நான் தரவுப் பாதுகாப்பைப் பற்றி ஒரு சிறு விரிவுரை ஆற்றினேன். (சிறு என்று சொன்னது நான். அம்மா இரண்டு தரம் அடுப்பைப் பார்க்கப் போய் வந்தார்.) கடைசியில் அக்காதான் மெல்லிய குரலில், “எனக்கும் வேண்டாம் மாமி” என்றாள். அதோடு கதை முடிந்தது. மாமி கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“சரி. ஆனால் கொப்பர் பாக்கேலாமல் போனால் அந்தப் பழி எனக்கில்லை, தம்பி. சொல்லிப்போட்டன்.”

பழி வராமல் காப்பாற்றும் வேலையை நான் வெறித்தனமாகத் தொடங்கினேன். இணையத்தில் பூட்டிய வீடியோ அறை ஒன்று. அதற்குள் நுழைய நீளமான வசனம் ஒன்று கடவுச்சொல்லாக வேண்டும். உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்றாக அது இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் சொல்லப்படும் அறிவுரை. எனக்கு மட்டும் தெரிந்த இரகசியம் அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கலியாணத்துக்கு முன்பு ஒருநாள் அத்தானாக வரப் போகிறவர் என்னைக் கீரிமலைக்குக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போனார். கேணிக்குள் மூழ்கி எழும்பினார். இடது காதுக்கு மேலிருந்து வலது காதுவரை அவர் பக்குவமாக இழுத்துச் சீவி வைத்திருந்த தலைமயிரெல்லாம் தண்ணீரோடு ஒருபக்கம் வழிந்து தோளில் கிடந்தது. மேலே வெட்டவெளி. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

“தம்பி, உதை வீட்டிலை சொல்லிப்போடாதை என்ன.”

நான் வீட்டில் சொல்லவில்லை. கடவுச்சொல்லாக வைத்தேன். ‘தலைப்பாகைக்குக் கீழே அத்தானுக்கு முழு வழுக்கை’. இடைவெளி இல்லாமல், ஒரே மூச்சில் தட்டச்சு செய்ய வேண்டும்.

அதை அப்பாவுக்கு அனுப்பவும் ஓர் ஏற்பாடு. வாசித்தவுடன் தானாகவே அழிந்துபோகும் செய்தியாக அனுப்பினேன். எங்கும் எழுதி வைக்கக் கூடாது என்று கட்டளை போட்டேன். அப்பாவின் போனில் இருந்த மற்ற வீடியோ அழைப்புச் செயலிகளையெல்லாம், உளவு பார்க்கும் என்று சொல்லி, ஏற்கெனவே அழிக்க வைத்திருந்தேன். மிஞ்சியது நான் நம்பிய ஒரே ஒரு செயலி. அதில் அவருக்கு இருந்த ஒரே தொடர்பு நான். இவ்வளவும் போதாதென்று, கலியாண வீட்டில் எட்டிப் பார்க்கும் சொந்தக்காரப் பொடியளுக்குப் பயந்து, முதல்நாள் என் போனின் திறப்பு இலக்கத்தையும் புதிதாக, நீளமாக மாற்றினேன்.

மறுநாள் நான் மாப்பிள்ளைத் தோழன். எங்கள் பக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் தோழன். பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, சந்தனம், குங்குமம், தலையில் மாப்பிள்ளைக்குக் கட்டியதுபோலவே தலைப்பாகை. மாப்பிள்ளையின் கால் கழுவி, அவர் போட்ட மோதிரத்தை வாங்கிக்கொண்டு, அவரை மணவறைக்குக் கூட்டி வந்தேன். மணவறைக்கு நேரே சின்ன மேசையில் என் மடிக்கணினி. அறை திறந்து, படம் போய்க்கொண்டிருந்தது. அப்பா மட்டும் வரவில்லை. அங்கே நடுச்சாமம், கண்ணயர்ந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

அக்காவைக் கூறைச்சேலையோடு கூட்டி வந்து இருத்தினார்கள். தாலித் தட்டைச் சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பதற்காகக் கொண்டு போனார்கள். அது வரிசை வரிசையாகப் போய் மணவறைக்குத் திரும்பினால் தாலிகட்டு. அந்த நேரத்தில்தான் அம்மா தன் போனைக் காதோடு அழுத்தியபடி ஓடி வந்தார்.

“கொப்பர் லைன்லை நிக்கிறார். உள்ளுக்கு வரேலாதாம்.”

போனை வாங்கினேன்.

“தம்பி, அந்த வசனம் மறந்து போச்சடா.”

“அனுப்பினனான்தானே அப்பா!”

“அது வாசிச்ச உடனை அழிஞ்சு போச்சு. நீதானே அப்பிடி வைச்சனீ. எழுதவும் வேண்டாம் எண்டனீ, நான் எழுதேல்லை. தலைப்பாகை எண்டு தொடங்கும். பிறகு நான் சிரிச்ச சிரிப்பிலை மிச்சம் மறந்து போச்சு. கனக்கத் தரம் அடிச்சுப் பாத்திட்டன்.”

வாழ்நாளில் அப்பா என் சொல்லை அப்படியே கேட்டது அந்த ஒருமுறைதான்.

வேட்டி மடிப்பிலிருந்து என் போனை இழுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன். அது என்னைப் பார்த்தது. திறக்கவில்லை. திருநீறும் சந்தனமும் தலைப்பாகையுமாக நின்ற இந்த ஆளை அதற்குத் தெரியவில்லை. தலைப்பாகையைக் கழற்றக் கை போனது. அம்மா என் கையில் ஓர் அடி போட்டார்.

“விசரே உனக்கு? தாலி ஏற முதல் தோழன் தலைப்பாகை கழட்டுறதோ?”

இலக்கத்தை அடித்தேன். பிழை. நிதானமாக அடித்தேன். பிழை. முதல்நாள் மாற்றிய இலக்கத்தின் நடுப்பகுதி எனக்கு வரவே இல்லை. இன்னும் சில தரம் அடித்ததும் போன் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு, பிறகு முயற்சி செய்யவும் என்று அறிவித்தது. மடிக்கணினியிலிருந்து அறையின் பூட்டை எடுக்கப் பார்த்தேன். நீங்கள்தான் என்பதை உங்கள் போனில் உறுதிப்படுத்தவும் என்றது அது. இரட்டைப் பாதுகாப்பு. நானே ஆசையாகப் போட்டது.

அம்மாவின் போனிலிருந்து அப்பாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்க அந்தப் பக்கத்தில் செயலி இல்லை, அழிக்க வைத்தவன் நான். புதிதாக இறக்கச் சொன்னால் நான் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாலும் அப்பாவுக்கு அரை நாள் வேண்டும். கடவுச்சொல்லை எழுதி அனுப்பலாம் என்றால், அம்மாவின் போனில் தமிழ் எழுத்து இல்லை. தாலித் தட்டோ கடைசி வரிசைகளுக்குப் போய்விட்டது. யாராவது அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை கதைக்க மாட்டார்களா என்று ஏங்கினேன். வழக்கமாகக் கதைப்பவர்கள்கூட அன்றைக்குச் சட்டென்று தொட்டுக் கும்பிட்டுவிட்டு அனுப்பினார்கள்.

ஐயரிடம் குனிந்தேன். “ஐயா, கொஞ்சம் சுணக்கேலுமோ? அப்பா இன்னும் உள்ளுக்கு வரேல்லை.”

“சுபநேரம் என்ன, உம்மடை போனைக் கேட்டே வாறது?”

முன்வரிசையில் மாமி. என்னையும் மடிக்கணினியையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா குனிந்த தலை நிமிராமல் என்னிடம், “அப்பா வந்திட்டாரோ?” என்று கேட்டாள். நான் மடிக்கணினிப் பக்கம் திரும்பினேன்.

ஒரே வழிதான் இருந்தது. எந்தக் கொம்பனும் ஒட்டுக் கேட்கலாம் என்று நான் ஊரெல்லாம் பயமுறுத்திய சாதாரணத் தொலைபேசி அழைப்பில், கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்வது. மணவறைத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னேன். மேளச் சத்தத்தில் அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குரலை உயர்த்தினேன்.

“கீழை எண்டது விளங்குது. பிறகு? ஆருக்கு?”

“அத்தானுக்கு! இடைவெளி விடாமல் அடியுங்கோ!”

“அத்தானுக்கு என்ன? மொட்டை எண்டோ போட்டனீ?”

தாலித் தட்டு மணவறைக்குத் திரும்பியது. நான் கண்டேன். இனி ஒளிக்க நேரமில்லை. நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் திரட்டினேன். சரியாக அதே நேரம் ஐயர் மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தியதை நான் காணவில்லை. மந்திரம் சொல்வதற்கான அவருடைய ஒலிவாங்கி என் தூணிலேயே சாய்த்து வைக்கப்பட்டிருந்ததையும் காணவில்லை.

“வழுக்கை அப்பா! வழுக்கை! அத்தானுக்கு முழு வழுக்கை!”

மண்டபம் முழுக்க அது கேட்டது. வெளியே கட்டியிருந்த ஒலிபெருக்கியில் தெருவுக்கும் கேட்டது. (ஆஸ்பத்திரிப் பக்கம் போன ஒருவர் சைக்கிளை நிற்பாட்டினாராம், பிறகு சொன்னார்கள்.) மாமி இருக்கையை விட்டு எழும்பினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கலியாணம் குழம்பியது, அக்காவின் வாழ்க்கையை நானே கெடுத்தேன் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அத்தானின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

“மாமா, வழுக்கைதான். முழுவையும் விட்டிடாதேங்கோ. இடைவெளி இல்லாமல் அடியுங்கோ.”

முதலில் சிரித்தது அக்கா. கூறைச்சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பிறகு சபை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே மடிக்கணினி டிங் என்றது. திரையில் அப்பா. நிலக்கீழ் அறை ஒன்றில், மடிப்புக் கலையாத வேட்டி சட்டையோடு, நெற்றியில் திருநீறோடு, கதிரை நுனியில் இருந்தார். கலியாண வீட்டுக்கு வந்த ஆளைப்போல் உடுத்தி வெளிக்கிட்டு, எவ்வளவு நேரமாக வாசலில் நின்றாரோ. மேளம் முழங்கியது. தாலி ஏறியது. நாங்கள் அறுகரிசி போட்டோம். அப்பாவும் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் அரிசி வைத்திருந்தார். அதை அள்ளி அள்ளித் தன்னுடைய திரைமேல் போட்டார். அரிசி பட்டுப் பட்டு அவருடைய படம் ஆடியது. அதற்கு மேல் எனக்குக் கண் தெரியவில்லை.

அன்று பின்னேரம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “உது எனக்குப் பெண் பாக்க வந்த அண்டைக்கே தெரியும். மின்விசிறிக்குக் கீழை இருந்தவர்” என்றாள்.

என் கொள்கை வென்றதா என்று கேட்டால், வென்றது. அக்காவின் கலியாணப் படம் ஒன்றுகூட இன்றுவரை இணையத்தில் இல்லை. அந்தக் கலியாணத்திலிருந்து வெளியே கசிந்தது ஒன்றே ஒன்றுதான், என் குரல். யாரோ பதிவு செய்து அனுப்ப, அது லண்டன், பாரிஸ் எல்லாம் போய், மாமியின் போனில் அழைப்பு மணியாகவும் வந்து சேர்ந்தது. அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். என் குரல் என் தரவு என்றேன்.

“குரலும் தரவோ தம்பி?” என்றார் மாமி. அவ்வளவுதான்.

இன்றைக்கும் அதே வேலைதான் செய்கிறேன். பிறர் வீட்டுப் பூட்டைச் சோதிக்கும்போது, திருடன் வருவானா என்று பார்த்த பிறகு, அப்பா வரக்கூடியதாக இருக்கிறதா என்றும் ஒருதரம் பார்க்கிறேன். அத்தான் இப்போது இழுத்துச் சீவுவதில்லை, மிச்சம் இருந்ததையும் வழித்துவிட்டார். ஆனால் அவர்கள் வீட்டு வைஃபைக்கு இன்றுவரை அந்த வசனம்தான் கடவுச்சொல். வந்த விருந்தாளி யாராவது கேட்டால், அத்தான் வாய் திறக்க மாட்டார். என்னைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்ன அதே சத்தத்தில் சொல்ல வைப்பார். அக்காவின் மூன்று வயது மகள் எனக்கு முன்னமே சொல்லி முடித்துவிடுவாள்.

போன கிழமையும் மன்றாடினேன். “அத்தான், வலிகாமம் முழுக்கத் தெரிஞ்ச கடவுச்சொல் இது. பாதுகாப்பே இல்லை. தயவுசெய்து மாத்துங்கோ.”

அத்தான் தலையை ஒருதரம் தடவிக்கொண்டார்.

“முளைக்கட்டும் தம்பி. முளைச்ச அண்டைக்கே மாத்துறன்.”