வீரமலை கங்காணியின் அறுபத்திரண்டு பிள்ளைகள்

தைக்கக் கொடுத்த கால்சட்டைக்கு முன்னால் முப்பாட்டன் பெயர் நம் கைக்கு வந்து சேரும் தையல் கடை உலகத்திலேயே ஒன்றுதான். அது இலங்கை மலையகத்தில், கொட்டகலை கடைவீதியில் எங்கள் 'பரம்பரை' அண்ணனுடையது. இடுப்பை அளக்கும்போதே, "தாத்தாவோட அப்பா பேரு என்ன தம்பி?" என்பார். தெரியாது என்றால் தொலைந்தோம். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே தோட்டத்து ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். பழைய பேர்ப் பதிவேடுகள் அத்தனையையும் போனில் படமெடுத்து வைத்திருந்தார். கால்சட்டை அடுத்த தீபாவளிக்குத்தான்.

அவருக்கு இருந்தது ஒரே பெருமை. அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிக் கூட்டிவந்த வீரமலை கங்காணியின் கொள்ளுப்பேரன் அவர். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

என் கல்யாணச் சட்டையை அவரிடம் கொடுத்தது என் கிரகம். பெண், பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் செல்வி. பத்திரிகையும் கொடுத்து முடித்த பிறகு அண்ணன் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்தார்.

"கல்யாணத்த நிப்பாட்டுங்க தம்பி! ஒங்க முப்பாட்டனுக்கும் அந்தப் புள்ளையோட முப்பாட்டனுக்கும் அப்பா ஒரே ஆளு, வீரமலை கங்காணி! நீங்க அண்ணன் தங்கச்சி முறை!"

செல்வியின் அப்பா மண்டபம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். என் அம்மா அழுதார். எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்வி மட்டும் நேராகத் தையல் கடைக்கு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

"அண்ணே, அந்தக் கங்காணிக்கு மொத்தம் எத்தன புள்ளைங்க? கொஞ்சம் எண்ணிப் பாருங்க" என்றாள்.

போனை எடுத்து எண்ணினார். அறுபத்திரண்டு. அதில் பதினொரு பேர் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள்.

"இது மனுசனால ஆகுற காரியமாண்ணே?"

அப்போதுதான் விளங்கியது. கங்காணி கூட்டிவந்த ஆட்கள் எல்லோருக்கும், தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கங்காணி பெயரையே எழுதித் தள்ளியிருக்கிறார் அந்தக் காலத்து ஆபீஸ் கிளாக்கர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. அவருடைய தாத்தாவும் அந்த அறுபத்திரண்டில் ஒருவர்.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் செல்வியின் அப்பா வேறு யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். மறுநாள் காலையில் அண்ணனே இரண்டு குடும்பத்தையும் கூட்டி உட்கார வைத்தார்.

"அந்த ஏட்டுல இருக்கறது பொய்ங்க. கங்காணிக்கும் எனக்கும்கூட ஒரு சம்பந்தமும் இல்ல. எங்க தாத்தா யாரு மகன்னு எனக்கே தெரியாதுங்க. நீங்க மண்டபத்துக்குச் சொல்லுங்க."

அந்த மனிதர் மேல் எனக்கு அப்படியொரு பிரியம் வந்தது.

கல்யாணப் பதிவுக்குச் சாட்சியாக அவரையே கூப்பிட்டேன். "இவர் உங்களுக்கு என்ன முறை?" என்று பதிவாளர் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கூடப்பொறந்த அண்ணன்" என்றேன். "அப்படியே எழுதிக்கங்க சார்."